வாரம் ஒரு துறை: நிழற்படமும் குணங்குற்ற ஆராய்ச்சியும்

எமது கல்லூரி நிழற்பட மன்றத்தார் சில ஆண்டுகளாக ஓர் ஒழுங்கைக் கைக்கொண்டு வருகின்றனர். வெள்ளிக்கிழமைதோறும் அறிவித்தற் பலகையில் ஒரு சொல் எழுதப்படும். வாயில், நிழல், கை, காத்திருத்தல் என்றாற்போல்வது அச்சொல். அடுத்த வியாழனுக்குள் உறுப்பினர் ஒவ்வொருவரும் அச்சொல்லுக்கு அமைய ஒரு படம், ஒன்றே ஒன்று, பிடித்து அச்சிட்டுக் கொணர்தல் வேண்டும். படங்கள் பெயரின்றிப் பலகையிற் குத்தப்படும். பின்னர் அவற்றின் குணமும் குற்றமும் ஆராயப்படும். தமிழாசிரியராகிய எம்மிடம் இம்மன்றத்தின் பொறுப்பு வந்து சேர்ந்தது தற்செயலே. முன்னர் அதனை நடாத்திவந்த விஞ்ஞான ஆசிரியர் இடமாற்றம் பெற்றுச் சென்றார். வெற்றிடத்தை நிரப்ப வேறொருவரும் முன்வந்திலர். வில்லையைப் பற்றியும் ஒளியைப் பற்றியும் நாம் இன்று அறிந்தவற்றுட் பெரும்பகுதி மாணவரிடத்தே கற்றதாகும்.

எனினும், ஒரு சொல்லைக் கொடுத்து அதற்குப் படைக்கச் சொல்லும் வழக்கம் தமிழருக்குப் புதிதன்று. ஈற்றடி கொடுத்து வெண்பாப் பாடச் சொல்வதும், துறை கூறிச் செய்யுள் கேட்பதும், கவியரங்கிலே பொதுத் தலைப்பு ஒன்றை அனைவர்க்கும் வைப்பதும் நம்மிடையே நெடுநாளாக உள்ளவை. கட்டுப்பாடு கற்பனைக்குத் தளை என்பார் உளர். எமது அனுபவம் அதற்கு மாறானது. எதனையும் பிடிக்கலாம் என்று விட்டபொழுது மாணவர் கொணர்ந்தவை பண்ணைப் பாலத்து அந்திச் சூரியனும், நல்லூர்க் கோபுரமும், கறுப்புக் கண்ணாடி அணிந்த நண்பனுமே. 'காத்திருத்தல்' என்று சொல் கொடுத்த வாரத்திலோ, பேருந்து நிலையத்து வாங்கும், வைத்தியசாலைப் படிக்கட்டும், மூடிய கடைமுன் படுத்திருந்த நாயும், அடுப்பில் ஏறாத பானையும் வந்தன. அந்தப் பானையை நாம் இன்றும் மறந்திலேம்.

படத்தை எவ்வாறு நோக்குவது? மேனாட்டு நூல்கள் கூறும் மூன்றிலொரு பங்கு விதி முதலியவற்றை மாணவர் எளிதில் மனனஞ் செய்துவிடுகின்றனர். படச் சட்டகத்தை நெடுக்கே மூன்றும் குறுக்கே மூன்றுமாகப் பகுத்து, கோடுகள் வெட்டும் இடத்தே பொருளை வைத்துவிட்டாற் படம் சிறந்துவிடும் என்று எண்ணுவோரும் உளர். அது தொடக்கத்தில் உதவுவதொரு கைக்கோல், அவ்வளவே. நாம் பெரிதும் பயன்படுத்துவது தொல்காப்பியர் வகுத்த முதல், கரு, உரி என்னும் பகுப்பை. முதல் என்பது நிலமும் பொழுதும். இப்படம் எவ்விடத்தது, எவ்வேளையது என்பதை ஒளியே காட்டுகின்றதா? காலை ஏழு மணி வெயில் பக்கவாட்டில் விழுந்து சுவரின் சுரசுரப்பைக் காட்டும். உச்சி வெயில் கண்குழிகளை இருளாக்கும். கரு என்பது அந்நிலத்துப் பொருள்கள்: துலா, கடகம், மிதிவண்டி, வேலி. அவை அவ்விடத்துக்கு உரியனவா, அலங்காரத்துக்காகக் கொணர்ந்து வைக்கப்பட்டனவா? உரி என்பது உள்ளத்து உணர்வு. முதலும் கருவும் பொருந்தி நிற்க, உரி இல்லாத படங்களே மிகப் பல. அவை குற்றமற்றவை, ஆயினும் ஒருமுறைக்கு மேற் பார்க்கப்படாதவை.

குற்றங்களைச் சொல்லுதற்கு நன்னூலார் துணை செய்கின்றார். நூலுக்கு அவர் கூறிய பத்துக் குற்றங்களுட் சில படத்துக்கும் அப்படியே பொருந்துதல் வியப்பே. நிற்பவரின் பாதங்களை அரிந்துவிடுதல் குன்றக் கூறல். ஒரே சட்டகத்தில் கோயில், தேர், கூட்டம், பலூன்காரன் அனைத்தையும் அடைத்தல் மிகைபடக் கூறல். பாட்டியைப் பிடிக்கச் சென்று பின்னாலுள்ள நாட்காட்டியைத் தெளிவாகப் பிடித்து வருதல் மற்றொன்று விரித்தல். இச்சொற்களைக் கேட்ட மாணவர் நகைத்தனர். நகைத்த பின் மறந்திலர். பரீட்சைக்காக நன்னூலை வெறுத்துப் படித்த ஒருவன், தன் படத்தைத் தானே குன்றக் கூறல் என்று கண்டித்த நாளில் எமக்குண்டான மகிழ்ச்சியைச் சக தமிழாசிரியர் அறிவர்.

நன்னூல் உதவாத இடங்களும் உண்டு. 'வெண்மை' என்று சொல் கொடுத்த வாரத்தில் வந்த படங்களெல்லாம் மங்கிக் கிடந்தன. சுண்ணாம்புச் சுவர் சாம்பர் நிறம். வெள்ளை வேட்டி அழுக்கு நிறம். கமராவிற் பழுது என்றனர் மாணவர். பழுது அன்று. ஒளியை அளக்கும் கருவி தன்முன் உள்ள காட்சியை நடுத்தரச் சாம்பராகவே கொள்ளும்படி அமைக்கப்பட்டுள்ளது. அதனால் வெள்ளைச் சுவரைக் கண்டதும் ஒளி மிகுந்துவிட்டது என மயங்கிக் குறைத்துவிடுகின்றது. கரிய காளையைக் கண்டால் ஒளி போதாதென்று கூட்டி, அதனைச் சாம்பற் காளை ஆக்குகின்றது. ஆதலின், வெண்மையைப் பிடிப்போர் கருவி சொல்வதற்கு மேல் ஒரு படியேனும் ஒளியைக் கூட்டவேண்டும். ஒரு படி என்பது இருமடங்கு ஒளி. துவாரத்தை எஃப் 8 இலிருந்து எஃப் 5.6 ஆக்குதலும், திறந்திருக்கும் நேரத்தைச் செக்கனில் 250 இல் ஒரு பங்கிலிருந்து 125 இல் ஒரு பங்காக்குதலும் இருமடங்கே. கைத்தொலைபேசியிலும், திரையைத் தொட்டு ஒளிர்வைக் கூட்டும் வசதி உண்டு. அடுத்த வாரமும் அதே சொல்லைக் கொடுத்தோம். சுவர் வெளுத்தது.

நமது நாட்டில் இக்கலையை உயர்த்தியவருள் லயனல் வென்ட் தலையாயவர். 1900 இல் கொழும்பிற் பிறந்து 1944 இல் மறைந்த அவர் பியானோ வாசிப்பிலும் வல்லவர், சட்டமும் பயின்றவர். 1943 இல் ஓவியர் சிலர் கூடி அமைத்த '43 குழு'வின் உயிர்நாடியாய் விளங்கினார். அவர் படங்களின் தொகுதி 1950 இல் நூலாக வெளிவந்தது. அவற்றிலுள்ள உழைப்பாளரின் உடலும், ஓலையின் நிழலும் ஒளியால் வரையப்பட்டவை போல நிற்பன. மாணவர் அந்நூலைப் புரட்டும்போது, எப்படிப் பிடித்தார் என்று மாத்திரம் கேளாது, எங்கே நின்றார் என்றும் கேட்கப் பழக்குகின்றோம்.

இனி, ஆராயும் முறை. முதலிற் காண்பதைச் சொல்லவேண்டும், அதன்பின்னரே தீர்ப்பு. 'நன்று', 'அழகு' என்னும் சொற்கள் மன்றத்தில் விலக்கப்பட்டவை. அவற்றாற் படைத்தவன் கற்பது ஒன்றுமில்லை. படம் பிடித்தவன் பிறர் பேசி முடியும்வரை வாய் திறத்தலாகாது. தான் எண்ணியதைத் தானே விளக்கப் புகுந்தால் ஏனையோர் படத்தை விட்டு அவன் வாயையே பார்க்கத் தொடங்குவர். இம்முறை செவ்வையானது என்றே நெடுநாள் நம்பியிருந்தோம்.

'உழைப்பு' என்பது அவ்வாரச் சொல். பலகையில் ஒரு படம் எல்லாரையும் ஈர்த்தது. இறங்குதுறையில் வலையைத் தோளிற் சுமந்த ஒரு மனிதர், சுருங்கிய நெற்றி, இறுகிய வாய், ஏறக்குறைய மூடிய கண்கள். மாணவர் ஒருவர்பின் ஒருவராக எழுந்து அம்முகத்தில் வறுமையின் துயரம் எழுதப்பட்டிருக்கிறது என்றனர். நாமும் சும்மா இருந்தோமல்லேம். தொல்காப்பியர் கூறிய எண்வகை மெய்ப்பாடுகளுள் இஃது அழுகையின்பாற்படும் என்று ஒரு சிறு விரிவுரையே நிகழ்த்தினோம். அப்பொழுது பின்வரிசையிலிருந்து ஒரு மாணவன் எழுந்தான். படம் பிடித்தவன் அவனல்லன். "சேர், அது எங்கட அப்பா. அவர் கவலையா இருக்கேல்ல. கண்ணில வெயில் அடிக்குது," என்றான்.

மன்றத்தில் எவரும் பேசவில்லை. எமக்கும் சொல்ல ஒன்றும் இருந்திலது. படம் பிடித்தவனோ, அம்மனிதர் இன்னார் என்பதை அறியான். அவரிடம் ஒரு சொல் கேட்டதும் இல்லை. தூரத்தில் நின்று பிடித்துச் சென்றிருந்தான்.

இதனினும் பெரிய அளவில் நிகழ்ந்ததொன்றை அடுத்த கூட்டத்தில் மாணவர்க்குக் கூறினோம். 1930களில் அமெரிக்க அரசின் வேளாண்மை உதவித் திணைக்களமொன்று நாட்டுப்புற நிலையைப் பதிவு செய்யப் படப்பிடிப்பாளரை அனுப்பியது. அதன் படப்பிடிப்புப் பிரிவின் தலைவர் ரோய் ஸ்ட்றைக்கர், எவ்வெவற்றைப் பிடிக்கவேண்டும் என்று பட்டியல் எழுதிக் கொடுப்பவர். நமது வாரச் சொல்லைப் போன்றது அது. தமக்கு ஒவ்வாத படச்சுருளிற் துளையிட்டு அதனைக் கெடுத்துவிடுவதும் அவர் வழக்கம். குறை கூறல் இவ்வளவு கடுமையாதல் எமக்கு உடன்பாடன்று. அவரிடம் பணிபுரிந்த டொரதியா லாங் 1936 இல் கலிபோர்னியாவின் நிப்போமோவில், பட்டாணி பறிக்கும் கூலிகளின் பாளையத்தில் ஒரு தாயையும் பிள்ளைகளையும் பிடித்தார். அப்படம் உலகப் புகழ் பெற்றது. அதன் ஓரத்தில் தெரிந்த ஒரு பெருவிரல் குற்றமெனக் கருதப்பட்டுப் பின்னர் அழிக்கப்பட்டது. விரலைக் கவனித்தனர், தாயின் பெயரையோ எவரும் கேட்டிலர். புளோரன்ஸ் ஓவன்ஸ் தொம்சன் என்னும் அவர் பெயர் 1978 இலேயே உலகறிந்தது. அப்படத்தால் தமக்கு ஒரு காசும் கிட்டவில்லை என்றும், அது பிடிக்கப்படாதிருந்தால் நன்று என்றும் அவர் மனம் நொந்தார்.

அதன்பின் எமது ஒழுங்கில் ஒன்று சேர்க்கப்பட்டது. மனிதரைப் பிடிப்போர் அவர் பெயரைக் கேட்டு, படத்தைப் பலகையில் வைக்கலாமா என்றும் கேட்டு வரவேண்டும். இதனாற் படங்கள் இயல்பிழக்கும் என்று மூத்த மாணவர் சிலர் வாதிட்டனர். அவ்வாதத்தில் உண்மை இல்லாமலில்லை. இன்றும் அது தீர்ந்தபாடில்லை.

படம் பிடித்த மாணவன், பின்வரிசை மாணவனையும் கூட்டிக்கொண்டு, வெயில் ஏறுமுன் அவ்விறங்குதுறைக்கு மீண்டும் சென்றான். தந்தையார் வெளுத்த சட்டை அணிந்து, தலை வாரி, இரு கைகளையும் பக்கத்தே நீட்டி, படக்கடையில் நிற்பவர் போல விறைத்து நின்றார். வலை படத்தில் இல்லை. மன்றத்தார் அதனையும் ஆராய்ந்தனர்: உரி இல்லை என்றான் ஒருவன், பெருமிதம் உண்டே என்றான் மற்றொருவன். மணி அடிக்கும்வரை வாதம் ஓயவில்லை. இவ்விரண்டாவது படம் இப்போது அவர்கள் வீட்டு முன்விறாந்தையில் தொங்குகின்றது. முதலாவது எமது மேசை இழுப்பறையில் இருக்கின்றது.