பிள்ளைகள் நடித்த நாடகமும் நாங்கள் திருத்திய பட்டியலும்



தியானம், செபக்கூட்டம், ஒளிவிழா என்று நாம் கூடும் இடங்களில் பிள்ளைகளை என்ன செய்கிறோம்? ஒரு மரத்தடியில் இருத்தி, தாளும் நிறப்பென்சிலும் கொடுத்து, "சத்தம் போடாமல் இருங்கோ" என்கிறோம். முடிவில் ஒரு பாட்டுப் பாடவிட்டுக் கைதட்டுகிறோம். அவர்களிடம் நாம் கற்க ஏதும் உண்டென்று நினைப்பதில்லை. நானும் அப்படித்தான் இருந்தேன்.

2010ஆம் ஆண்டு, வன்னியில் மக்கள் மீளக் குடியேறிக்கொண்டிருந்த காலம். புரட்டாதி மாதத்தில் ஒரு கிராமத்தில் ஒருநாள் தியானம் வைத்தோம். தறப்பாள் கொட்டில்தான் ஆலயம். பெரியவர்களுக்கு நான் பேசினேன். பிள்ளைகளை ஓர் ஆசிரியை பாலை மரத்தின் கீழ் கூட்டிச் சென்றார். யோவான் நற்செய்தி 6ஆம் அதிகாரத்தில் வரும் ஐந்து வாற்கோதுமை அப்பமும் இரண்டு மீனும் வைத்திருந்த சிறுவனின் கதையைச் சொல்லி, "இதை நீங்களே நடித்துக் காட்டுங்கோ" என்று விட்டுவிட்டார். வசனம் எழுதிக் கொடுக்கவில்லை.

மாலையில் நடித்தார்கள். சீடர்கள் கையில் கொப்பியோடு வந்தார்கள். சனம் வரிசையில் நின்றது. பெயர் வாசிக்கப்பட்டவருக்கே அப்பம். தலையில் சேலைத் துண்டு போட்ட ஒரு சிறுமி வந்தாள்.

"காணிப் பெர்மிட் எங்கை?"

"அவற்றை பேரிலைதான் இருந்தது. அவர் இல்லை."

"அப்ப உங்களுக்கு இல்லை. அங்காலை நில்லுங்கோ."

எல்லாரும் சிரித்தார்கள். பிறகு சிரிப்பு நின்றுவிட்டது.

முந்திய கிழமைதான் நாங்கள் விதைநெல் பங்கிட்டிருந்தோம். காணிப் பத்திரம் காட்டியவர்களுக்கே நெல் என்பது விதி. அந்தப் பட்டியலை எழுதியவர்களில் நானும் ஒருவன். கணவனை இழந்தவர்களும் கணவன் காணாமற்போனவர்களும் வெறுங்கையோடு திரும்பினார்கள். ஒருவரும் வாய் திறக்கவில்லை. தாயின் சேலையைப் பிடித்தபடி நின்ற பிள்ளைகள் எல்லாவற்றையும் பார்த்திருக்கிறார்கள்.

அன்றிரவே குழு கூடியது. "பத்திரமில்லாமல் கொடுத்தால் நாளைக்கு ஊரே வந்து நிற்கும்" என்றார் ஒருவர். அதுவும் நியாயமான பயந்தான். அயற்காணிக்காரர் இருவர் சாட்சி சொன்னால் போதும் என்று முடிவெடுத்தோம். நெல் முழுவதும் பங்கிட்டாயிற்று. ஆகவே பெற்றவர்களிடம் சிறிது திருப்பிக் கேட்டோம். எல்லாரும் தரவில்லை. தந்ததைக் கொண்டு அந்தக் காலபோகத்தில் அப்பெண்களும் விதைத்தார்கள்.

இதில் நாம் கற்பவை:

1. பெரியவர்கள் பயத்தாலோ வெட்கத்தாலோ சொல்லாததைப் பிள்ளைகள் விளையாட்டில் சொல்லிவிடுவார்கள். பிள்ளைகளைத் தடுத்த சீடரை இயேசு கடிந்துகொண்டதை மாற்கு 10ஆம் அதிகாரத்தில் வாசிக்கிறோம்.

2. பிள்ளையின் குரலைக் கேட்பது தயவல்ல, கடமை. இலங்கை 1991இல் ஏற்றுக்கொண்ட சிறுவர் உரிமைகள் சமவாயத்தின் 12ஆம் உறுப்புரை, பிள்ளையைப் பாதிக்கும் விடயங்களில் அதன் கருத்துக்கு மதிப்பளிக்கச் சொல்கிறது. விளையாட்டும் கலையும் பிள்ளையின் உரிமை என்கிறது 31ஆம் உறுப்புரை.

3. பகைமைக்கு நடுவிலும் இது பலன் தரும். மட்டக்களப்பில் 1996இல் தொடங்கிய வண்ணத்துப்பூச்சிப் பூங்காவில், போர் நடந்த காலத்திலேயே தமிழ், முஸ்லிம் பிள்ளைகள் ஒன்றாகக் களிமண் பிசைந்தார்கள், கதை சொன்னார்கள், நடித்தார்கள்.

உங்கள் அடுத்த கூட்டத்தில் செய்து பாருங்கள். குளத்துக் களிமண், ஓலை, கரித்துண்டு, பழைய கொப்பித்தாள் போதும். போட்டியும் பரிசும் வேண்டாம். "உனக்கு என்ன நடந்தது?" என்று கிண்டிக் கேட்க வேண்டாம், விரும்பினால் பிள்ளையே சொல்லட்டும். பெரியவர்கள் முதலில் பார்க்கட்டும், கடைசியில் பேசட்டும். ஒரு பிள்ளை தொடர்ந்து ஒதுங்கியிருந்தாலோ அழுதாலோ தனியே கவனியுங்கள்.

குழுவில் கலந்துரையாட:

- நமது கூட்டங்களில் பேசாமல் இருப்பவர்கள் யார்? ஏன்?

- நமது சங்கத்தின் பட்டியலில் இல்லாத குடும்பம் எது?

- அந்தப் பட்டியலை நம் பிள்ளைகள் நடித்துக் காட்டினால், நாம் எந்த இடத்தில் சிரிப்பை நிறுத்துவோம்?