எந்த இடைநிலைப் பள்ளி? பெற்றோர் ஒப்பிட்டறிய வேண்டியவை

தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் ஆறாம் ஆண்டை முடிக்கும் பிள்ளை, அடுத்த ஆண்டு பட்டணத்து இடைநிலைப் பள்ளியில் காலடி எடுத்து வைக்கிறான். அங்குப் பாடங்கள் தேசிய மொழியில் நடைபெறுகின்றன. ஒரு காலத்தில் இடைநிலைக் கல்விக்கு நுழைவுத் தேர்வு என்னும் தடை இருந்தது. 1965 முதல் அத்தடை நீங்கியது. கதவு திறந்திருக்கிறது, ஆயினும், உள்ளே சென்ற பிள்ளை ஐந்தாம் படிவம் வரை நிலைத்திருப்பானா என்பதே இன்றைய கேள்வி.

ஜொகூர் மாநிலத்தின் குளுவாங் பட்டணத்தையே எடுத்துக்கொள்வோம். குளுவாங் உயர்நிலைப் பள்ளி, ஜாலான் மெங்கிபோல் இடைநிலைப் பள்ளி, கனோசியன் கான்வென்ட் எனப் பல பள்ளிகள் அங்கு உள்ளன. "எது பெயர் பெற்ற பள்ளி?" என்று கேட்பதினும், "என் பிள்ளைக்கு எது பொருந்தும்?" என்று கேட்பதே அறிவுடைமை. அதற்கு நான்கு செய்திகளை விசாரித்து அறிதல் வேண்டும்.

முதலாவது, தொலைவு. தோட்டத்திலிருந்து 8 கிலோமீட்டரில் ஒரு பள்ளியும் 25 கிலோமீட்டரில் மற்றொரு பள்ளியும் இருப்பதாகக் கொள்வோம். வழியில் பல இடங்களில் நின்று செல்லும் பேருந்தில், தொலைவிலுள்ள பள்ளிக்குப் போய்வர நாளொன்றுக்கு இரண்டு மணி நேரம் கழியலாம். வாரம் ஐந்து நாளுக்குப் பத்து மணி நேரம்! களைத்து வரும் பிள்ளை எப்போது படிப்பான்? மாணவர் விடுதி உண்டா என்றும் கேளுங்கள்.

இரண்டாவது, மொழித் துணை. மலாய்மொழியில் பின்தங்கிய பிள்ளை வகுப்பில் வாய் திறவாமல் அமர்ந்திருப்பான். நாளடைவில் பள்ளியையே வெறுப்பான். இத்தகையோருக்காகவே புகுமுக வகுப்பு ஏற்பட்டது. அதில் ஓராண்டு பயில்வது இழிவன்று. பின்தங்கியவர்களுக்குக் கூடுதல் வகுப்பு நடத்தும் பள்ளியே மேலானது.

மூன்றாவது, தமிழ். 1996-ஆம் ஆண்டுக் கல்விச் சட்டத்தின்படி, குறைந்தது 15 மாணவர்களின் பெற்றோர் கேட்டுக்கொண்டால் தேசிய இடைநிலைப் பள்ளியில் தமிழ் கற்பிக்க வசதி செய்யப்படல் வேண்டும். ஒரு தோட்டத்துப் பெற்றோர் தனித்தனியே சிதறினால் இந்த எண்ணிக்கை கூடாது; ஒன்றுபட்டு ஒரே பள்ளியை நாடினால் கூடும்.

நான்காவது, மேற்படிவப் பாடங்கள். நான்காம் படிவத்தில் அறிவியல், கணக்கியல், தொழிற்கல்வி ஆகியவற்றுள் எவை உள்ளன என்பதை முதலாம் படிவத்திலேயே கேட்டறிக. கைத்திறன் மிக்க பிள்ளை, மூன்றாம் படிவத்துக்குப் பின் தொழிற்கல்விக் கல்லூரிக்கும் விண்ணப்பிக்கலாம்.

இடத்தை ஒதுக்குவது கல்வி இலாகாவே. எனினும், கிடைத்த பள்ளி பொருந்தாவிடில், தொலைவு முதலிய தக்க காரணங்களைக் காட்டி மாவட்டக் கல்வி அலுவலகத்தில் எழுத்து மூலம் விண்ணப்பம் செய்யலாம். பாடநூல் இரவல் திட்டத்தைப் பற்றியும், ஏழை மாணவர் அறநிதியைப் பற்றியும் அங்கேயே தெரிந்துகொள்ளலாம்.

பெற்றோர்களே! பால் வெட்டு முடிந்த ஒரு பிற்பகலில் பள்ளிக்கு நேரில் செல்லுங்கள். பிள்ளையையும் உடன் அழைத்துச் செல்லுங்கள். தலைமையாசிரியரிடம் இந்நான்கையும் கேட்டு, ஒரு தாளில் குறித்து ஒப்பிடுங்கள். எழுதத் தெரியாவிடில் பிள்ளையே எழுதட்டும். தன் கல்விக்காகப் பெற்றோர் படியேறி வந்ததை அவன் ஒருநாளும் மறவான்.