பாட்டி சொல்லாத பொய்கள்

பெண்களின் தேக ஆரோக்கியத்தைப் பற்றி நாட்டில் உலவும் தவறான அபிப்பிராயங்களைக் கண்டிக்கப் புகுகிறவர்கள் முதலில் இழுத்துவந்து கூண்டில் நிறுத்துவது நம் வீட்டுப் பாட்டியைத்தான். பப்பாளி தின்றால் கரு கலையும் என்றவள் அவள். பாலில் குங்குமப்பூ கரைத்துக் குடித்தால் குழந்தை சிவப்பாகப் பிறக்கும் என்றவளும் அவளே. இந்த விசாரணை சுலபமானது. குற்றவாளிக்கு வக்கீல் கிடையாது. ஆனால் சென்னைக்கு மேற்கே அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி என்று நீளும் புறநகர்களின் சுகாதார நிலையங்களுக்குப் பெண்கள் கொண்டுவரும் சந்தேகங்களையும், வாய்வரை வந்தும் கேட்காமல் திருப்பிக் கொண்டுபோகும் சந்தேகங்களையும் சற்று நிதானமாக ஆராய்ந்தால், மெய்யாகவே உடம்புக்குக் கேடு விளைவிக்கும் நம்பிக்கைகளில் பல அடுப்பங்கரையில் பிறக்காமல், மருந்துக் கடையிலும் ஆஸ்பத்திரிப் பதிவு மேஜையிலும் தொழிற்சாலையின் முதலுதவிப் பெட்டியிலும் பிறந்தவை என்பது புலப்படும்.

பாட்டியின் கணக்கை முதலில் தீர்த்துவிடுவோம். பழுத்த பப்பாளியால் கர்ப்பிணிக்குத் தீங்கு இல்லை. ஆனால் காயின் பாலுக்குக் கருப்பையைச் சுருக்கும் குணம் இருப்பதை எலிகளை வைத்துச் சோதித்தவர்கள் கண்டிருக்கிறார்கள். ஆகவே காயைத் தவிர்ப்பது விவேகமே. பாட்டி பாதி ஜெயித்தாள். குங்குமப்பூ நிறத்தை மாற்றாது. நஷ்டம் பணப்பைக்கு மட்டும். ‘பால் கொடுக்கிறவரைக்கும் உண்டாகாது’ என்று அவள் சொன்னது மூன்று நிபந்தனைகளுக்கு உட்பட்ட உண்மை: குழந்தைக்கு 6 மாதம் நிறையாதிருக்க வேண்டும், இரவும் பகலும் தாய்ப்பால் தவிர வேறெதுவும் கொடுக்காதிருக்க வேண்டும், தாய்க்கு மாதவிலக்கு திரும்பாதிருக்க வேண்டும். இம்மூன்றும் பொருந்தியிருக்கும்போது நூற்றுக்கு 98 பேருக்கு அது காவலாக நிற்கிறது. ஒன்று பிசகினாலும் காவல் போயிற்று. பாட்டி நிபந்தனைகளைச் சொல்லாமல் விட்டாள் என்பதே அவள் மேல் சொல்லத்தக்க குற்றம்.

இனி மற்றவர்களின் கணக்குக்கு வருவோம். 1964இல் தோன்றிய அம்பத்தூர்த் தொழிற்பேட்டையின் ஏற்றுமதி ஆடைக் கம்பெனிகளிலும், ராணுவ உடுப்புத் தைக்கும் ஆவடித் தொழிற்சாலையிலும், பூந்தமல்லி நெடுஞ்சாலையின் இருமருங்கிலும் எழுந்த ஆலைகளிலும் வேலைசெய்யும் பெண்களுள் உள்ளூர்க்காரர்களும் உண்டு; தென்மாவட்டங்களிலிருந்தும், ஒடிசா, பீகார், ஜார்க்கண்ட் முதலிய தூரதேசங்களிலிருந்தும் வந்து விடுதியில் தங்கியிருப்பவர்களும் உண்டு. இவர்களுக்காக அம்பத்தூரில் சென்னை மாநகராட்சியும், ஆவடியில் 2019இல் உருவான அவ்வூர் மாநகராட்சியும், பூந்தமல்லியில் நகராட்சியும் இருக்க, நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையங்கள் ஆங்காங்கே நடக்கின்றன. சுகாதார ஊழியர்களுக்குப் பயிற்சி அளிக்கும் பொதுச் சுகாதார நிறுவனமோ பூந்தமல்லியிலேயே இருக்கிறது. இருந்தும் இப்பெண்களில் பலர், ‘அது மாசமா இருக்கிறவங்க போற இடம்’ என்று எண்ணி அந்த வாசற்படியை மிதிப்பதில்லை.

இந்த எண்ணத்தை அவர்களுக்குள் விதைத்தது யார்? சுவரில் ஒட்டியிருக்கும் படங்களில் எல்லாம் வயிறு நிறைந்த சுமங்கலியும், கையில் குழந்தை ஏந்திய தாயுமே காட்சி தருகிறார்கள். பதிவு மேஜையில் கேட்கப்படும் முதற்கேள்வி, ‘கல்யாணம் ஆயிடுச்சாம்மா?’ என்பது. மாதவிலக்கு ஒழுங்கீனத்துக்கும், அடிவயிற்று வலிக்கும், தொற்றுநோய்க்கும், மார்பகத்திலோ கருப்பை வாயிலோ புற்றுநோயின் அறிகுறி உண்டா என்று பார்ப்பதற்கும் மணமாகாதவளும், பிள்ளைப்பேறு முடிந்தவளும், கணவனை இழந்தவளும் அங்கே வரலாம், வரவேண்டும் என்பதை எந்தப் படமும் சொல்லக் காணோம்.

வெள்ளைப்படுதலை எடுத்துக்கொள்ளுங்கள். ‘எலும்பு உருகி இறங்குகிறது’ என்பது பழைய பயம். ‘உடம்புச் சூடு’ என்பது அதன் நவீன ரூபம். மாதச் சுழற்சியின் நடுவில் வழுவழுப்பாக, வாடையோ அரிப்போ இன்றிப் படும் கசிவு சுபாவமானது. அதில் எலும்பும் இல்லை, சத்தும் இல்லை. தயிர்த்திப்பி போன்று அரிப்புடன் வந்தாலும், துர்வாடையுடன் பச்சையாகவோ மஞ்சளாகவோ வந்தாலும், அடிவயிற்று வலியோ காய்ச்சலோ சேர்ந்தாலும் அது நோய். பெரும்பாலும் சில நாள் மாத்திரையில் குணமாகும் நோய். அரசின் திட்டத்தில் இதற்கென நிறம் பிரித்த மருந்து உறைகளே இருக்கின்றன: யோனி அழற்சிக்குப் பச்சை, கருப்பை வாய் அழற்சிக்குச் சாம்பல், அடிவயிற்றுத் தொற்றுக்கு மஞ்சள். பெரிய அரசு ஆஸ்பத்திரிகளில் ‘சுகவாழ்வு மையம்’ என்று பெயர்ப்பலகை தொங்கும் அறை இதற்காகவே உள்ளது. சில தொற்றுகளுக்குக் கணவரும் சேர்ந்து மருந்து உண்ணாவிட்டால் நோய் போய்ப்போய்த் திரும்பும் என்பதை மட்டும் அவர் காதில் போடும் பொறுப்பு, வழக்கம்போல், மனைவியின் தலையில் விழுகிறது. மகாராஷ்டிரத்தின் கட்சிரோலியில் டாக்டர் ராணி பங்க், டாக்டர் அபய் பங்க் தம்பதியர் இரண்டு கிராமங்களில் 650 பெண்களைப் பரிசோதித்து 1989இல் வெளியிட்ட ஆராய்ச்சியில், 92 சதவீதத்தினருக்கு ஏதேனும் ஒரு மகளிர் நோய் இருந்தது; அதற்குமுன் ஒரு தடவையேனும் பரிசோதனை செய்துகொண்டவர்கள் 8 சதவீதமே. சூடு என்று சொல்லி வெந்தயம் ஊறவைத்தவள் பாட்டியாக இருக்கலாம். ஆனால் பரிசோதிக்காமலே ‘சத்து ஊசி’ போட்டுக் காசு வாங்குகிற வைத்தியரை நாம் எந்தக் கூண்டில் நிறுத்துவது?

ஆலைக்குள் நடப்பது வேறொரு கதை. மாதவிலக்கு வலி என்றால் மேற்பார்வையாளர் கையில் ஒரு மாத்திரை வைப்பார். தையல் இயந்திரம் நிற்கக்கூடாது அல்லவா? தாம்சன் ராய்ட்டர்ஸ் அறக்கட்டளை 2019இல் தமிழ்நாட்டு ஆலைகளைச் சேர்ந்த ஏறத்தாழ 100 பெண்களைச் சந்தித்து எழுதிய செய்தி, பெயர் அச்சிடாத மாத்திரைகள் இப்படி வழங்கப்பட்டதை வெளிக்கொணர்ந்தது. வலி மாத்திரை உண்டால் பிள்ளை பிறக்காது என்ற பயம் பல பெண்களிடம் இருக்கிறது. இபுப்ரூஃபன் போன்ற மருந்தை, பெயரும் அளவும் தெரிந்து, உணவுக்குப் பின், ஓரிரு நாள் உண்பதால் கருப்பைக்கு ஹானி இல்லை. வெறும் வயிற்றில், அளவு தெரியாமல், மாதாமாதம் விழுங்குவதால் குடலும் சிறுநீரகமும் கெடுவதற்கே ஏது உண்டு. மேலும் எழுந்து நிற்க முடியாத வலி ஒவ்வொரு மாதமும் வருமாயின், கருப்பையின் உட்படலம் வேறிடத்தில் வளரும் எண்டோமெட்ரியோசிஸ் போன்ற நோய் இருக்கலாம். மாத்திரை அதை மறைக்குமேயன்றி மாற்றாது.

கருத்தடைக்காகக் கருப்பைக்குள் செருகும் காப்பர்-டி நெஞ்சுக்கு ஏறிவிடும் என்பார்கள். கருப்பைக்கும் நெஞ்சுக்கும் வழியே கிடையாது. செருகும்போது கருப்பைச் சுவரைத் துளைத்து வயிற்றறைக்குள் செல்வது ஏறத்தாழ ஆயிரத்தில் ஒருவருக்கு நேரும் அபூர்வ விபத்து. 380-ஏ என்னும் வகை 10 ஆண்டு வேலைசெய்யும். எடுத்த உடனே கருவுறும் சக்தி திரும்பும். ஆனால் இந்தப் பயத்துக்கு ஒரு சரித்திரம் உண்டு. 1965இல் லிப்பிஸ் லூப் என்ற சாதனத்தை நாடெங்கும் அவசர அவசரமாகச் செருகி, இரத்தப்போக்கு என்று அலறி வந்த பெண்களைக் கவனிக்க ஆளின்றி விட்டதில், லூப்பின் பெயர் கெட்டது; பேத்தியின் காப்பர்-டி அந்தக் கெட்ட பெயரைச் சுமக்கிறது. அண்மைக் காலத்திலும், பிரசவ மேஜையிலேயே சரிவரக் கேட்காமல் போட்டு அனுப்பிவிட்டார்கள் என்ற புகார் நம் மாநிலத்தில் எழாமலில்லை. கேட்காமல் செய்த நன்மையைப் பெண்கள் நன்மை என்று ஏற்பதில்லை. அது அவர்களுடைய அறியாமையும் ஆகாது.

எல்லாவற்றிலும் வலுவான பொய் ஒன்று உண்டு. ‘வீட்டுக்காரர் வந்து கையெழுத்துப் போட்டால்தான்’ என்பது அது. கருக்கலைப்பாயினும், குடும்பக் கட்டுப்பாட்டு ஆபரேஷனாயினும், காப்பர்-டியை எடுப்பதாயினும் கணவனோ மாமியாரோ சம்மதிக்க வேண்டும் என்று பெண்கள் நம்புகிறார்கள்; நம்பாமல் என்ன செய்வார்கள், மேஜைக்குப் பின்னால் அமர்ந்திருப்பவர்தாமே, ‘என்னம்மா, வீட்டுக்காரரைக் கூட்டிக்கிட்டு வரலையா?’ என்று கேட்கிறார்! 1971ஆம் ஆண்டின் கருக்கலைப்புச் சட்டம் 18 வயது நிரம்பிய பெண்ணின் சம்மதத்தைத் தவிர வேறெவருடைய கையெழுத்தையும் கேட்கவில்லை. 18 வயதுக்குக் குறைந்தவளாயினும் மனநோயாளியாயினும் காப்பாளரின் எழுத்துமூலமான சம்மதம் வேண்டும், அவ்வளவே. கருத்தடை ஆபரேஷனுக்குத் துணையின் சம்மதம் தேவையில்லை என்று மத்திய அரசின் வழிகாட்டு நெறிகள் தெளிவாகவே சொல்கின்றன. 2021இல் செய்த திருத்தத்தின்படி 20 வாரம்வரை ஒரு மருத்துவரின் அபிப்பிராயமும், குறிப்பிட்ட பிரிவினருக்கு 24 வாரம்வரை இருவரின் அபிப்பிராயமும் போதும். ‘கணவன்’ என்று இருந்த இடத்தில் ‘துணைவர்’ என்று எழுதியதால், கருத்தடைச் சாதனம் தவறிக் கருவுற்ற மணமாகாத பெண்ணும் அதில் அடங்கினாள். 2022 செப்டம்பர் 29 அன்று உச்ச நீதிமன்றம், 24 வாரச் சலுகையிலும் மணமானவள், ஆகாதவள் என்று பேதம் பாராட்டலாகாது என்று தீர்ப்பளித்ததோடு, சட்டத்தில் இல்லாத நிபந்தனைகளை மருத்துவர்கள் தாமாக விதிப்பதையும் கண்டித்தது. கருக்கலைத்தவளின் பெயரை வெளியிடுவது சிறைத்தண்டனைக்குரிய குற்றம். இத்தனையும் சட்டப் புத்தகத்தில் இருக்க, அம்பத்தூர் விடுதியில் தங்கியிருக்கும் ஒரு பெண், ஊரிலிருந்து அண்ணனை வரவழைப்பதற்குப் பயந்து நாள் கடத்தி, கடைசியில் யாரோ தந்த பெயர் தெரியாத மாத்திரையை விழுங்கி உதிரப்போக்கோடு வந்து விழுவாளாயின், அந்தப் பாவத்தில் பதிவு மேஜைக்கும் பங்கு இல்லையா?

இதை ஒட்டிய இன்னொரு பொய், அவசரக் கருத்தடை மாத்திரை தமிழ்நாட்டில் தடைசெய்யப்பட்டது என்பது. சென்னையிலும் புறநகரிலும் மருந்துக் கடையில் கேட்டால், ‘பேன் பண்ணிட்டாங்கம்மா’ என்ற பதில் பல ஆண்டுகளாகக் கிடைத்துவருகிறது. கேட்டவளை ஏற இறங்கப் பார்ப்பது உபரி. அப்படித் தடைச்சட்டம் எதுவும் கிடையாது. லெவோநார்ஜெஸ்ட்ரெல் என்ற அம்மருந்தை மருத்துவர் சீட்டின்றியே விற்க 2005இல் மத்திய அரசு அனுமதித்தது. கருமுட்டை வெளிப்படுவதைத் தள்ளிப்போடுவதே அதன் தொழில். ஏற்கெனவே தரித்த கருவை அது கலைக்காது. உறவு கொண்ட 72 மணி நேரத்துக்குள், எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நன்மையாக, உண்ண வேண்டும். கருக்கலைப்பு மாத்திரையோடு இதைக் குழப்பிக்கொண்டவர்கள் வாங்குகிறவர்கள் மட்டுமல்லர், விற்கிறவர்களும்தாம்.

கருப்பை வாய்ப் புற்றுநோயைப் பற்றி, ‘எனக்கு ஒன்றும் இல்லையே, எதற்குச் சோதனை?’ என்று கேட்பவர்களுக்கு ஒரு நல்ல செய்தி நம் திண்டுக்கல் ஜில்லாவிலிருந்தே கிடைக்கிறது. அம்பிளிக்கை கிறிஸ்தவ மருத்துவமனையைத் தளமாகக் கொண்டு 2000ஆம் ஆண்டு தொடங்கி நடந்த ஆராய்ச்சியில், பயிற்சி பெற்ற நர்ஸுகள் 30 முதல் 59 வயதுவரையுள்ள பெண்களுக்கு, காடியின் சாரமான அசெட்டிக் அமிலத்தைக் கருப்பை வாயில் தடவி வெண்மை தட்டுகிறதா என்று வெறுங்கண்ணால் பார்த்தார்கள். தட்டிய இடத்துக்கு அப்போதே சிகிச்சை செய்தார்கள். சோதனை நடந்த கிராமங்களில், நடக்காத கிராமங்களைவிடப் புற்றுநோய் 25 சதவீதமும் அதனால் ஏற்படும் மரணம் 35 சதவீதமும் குறைந்தன என்று 2007இல் லான்செட் பத்திரிகை அறிவித்தது. விலையுயர்ந்த யந்திரம் ஏதுமில்லை. காடியும் விளக்கும் பயின்ற கண்ணுந்தான். நோய் அறிகுறி காட்டும்போது காலம் பெரும்பாலும் கடந்திருக்கும். ஒன்றும் இல்லாதபோது போவதற்காகவே இந்தச் சோதனை. ஹெச்.பி.வி. என்னும் கிருமியே இந்தப் புற்றுநோய்க்கு மூலகாரணம் என்று கண்டதற்காக ஜெர்மனியின் ஹரால்ட் ட்சூர் ஹௌசனுக்கு 2008இல் நோபல் பரிசு கிடைத்தது. அது உடலுறவால் பரவும் சர்வசாதாரணமான கிருமி. ஆகவே நோய் கண்டவளின் நடத்தையை ஆராய்வது வைத்தியமும் ஆகாது, தர்மமும் ஆகாது.

கடைசியாக ஆண்களைப் பற்றிய ஒரு பொய். வாஸெக்டமி செய்துகொண்டால் வீரியம் குன்றும், பாரம் தூக்க முடியாது, லேத்தில் நிற்க முடியாது என்கிறார்கள். விந்தணு செல்லும் குழாயைக் கட்டுவதன்றி அதில் வேறொன்றும் நடப்பதில்லை. ஆண்மைக்கான சுரப்பு இரத்தத்தில் முன்போலவே கலக்கிறது. 1950களின் இறுதியிலேயே சென்னை ராஜதானியின் வழிவந்த நம் மாகாண அரசு பணம் கொடுத்து ஆண்களை இதற்கு அழைத்தது, அவர்களும் வந்தார்கள். இன்றோ தமிழ்நாட்டில் தம்பதிகளில் பாதிக்கு மேற்பட்டோருக்குப் பெண்ணின் ஆபரேஷனே வழி. ஆணின் ஆபரேஷன் நூற்றுக்கு ஒன்றுகூடத் தேறாது. ஈ.எஸ்.ஐ. என்னும் தொழிலாளர் காப்பீட்டுச் சட்டப்படி தகுதியுள்ள தொழிலாளிக்கு வாஸெக்டமிக்கு 7 நாளும், பெண்ணின் ஆபரேஷனுக்கு 14 நாளும் முழுச் சம்பளத்துக்கு ஈடான தொகை உண்டு. எது இலகுவான ஆபரேஷன் என்பதை அந்த நாட்கணக்கே காட்டும். கவனிக்க வேண்டியது ஒன்று: ஆபரேஷனுக்குப் பின் 3 மாதம் சென்று விந்துவைப் பரிசோதித்து, அணு இல்லை என்று உறுதியாகும்வரை ஆணுறையை விடலாகாது. இதை மனைவியிடம் சொல்லி அனுப்பாமல், அவனையே உட்காரவைத்து நர்ஸ் நேரில் சொல்லிவிடுவது உத்தமம். இடையில் அவள் கருவுற்றால் சந்தேகம் யார்மேல் விழும் என்பது நமக்குத் தெரியாததல்ல.