மீடியம் ஃபார்மட் கேமரா: வாங்குவதா, வாடகைக்கு எடுப்பதா?

தொழிற்கருவி வாங்கக் கடன் பெறும் எவரும் முதலில் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி, அக்கருவி தனக்குரிய மாதத் தவணையைத் தானே ஈட்டித் தருமா என்பதாகும். தையல் இயந்திரத்துக்கும் சரக்கு ஆட்டோவுக்கும் இதற்கு விடை காண்பது எளிது. ஒளிப்படக் கலைஞரின் கேமராவைப் பொறுத்தவரை விடை அவ்வளவு எளிதாகக் கிடைப்பதில்லை. தேவை எங்கே முடிகிறது, ஆசை எங்கே தொடங்குகிறது என்பதை அத்தொழிலில் பழுத்தவர்களாலும் சில நேரங்களில் பிரித்தறிய முடிவதில்லை. பல லட்சம் ரூபாய் விலையுள்ள மீடியம் ஃபார்மட் டிஜிட்டல் கேமராவை எடுத்துக்காட்டாகக் கொண்டு இக்கணக்கை இக்கட்டுரையில் படிப்படியாகப் போட்டுப் பார்ப்போம். வேறு விலையுயர்ந்த தொழிற்கருவி வாங்க எண்ணுவோருக்கும் இம்முறை பயன்படும்.

முதலில் பெயரின் பொருளைத் தெளிவுபடுத்திக்கொள்வோம். பிலிம் காலத்தில் 120 என்னும் சுருளில் படமெடுத்த கேமராக்களை மீடியம் ஃபார்மட் என்றழைத்தனர். அதன் சதுரச் சட்டம் ஏறத்தாழ 56 மி.மீ. நீளமும் அதே அகலமும் உடையது. 1969ஆம் ஆண்டில் அப்போலோ 11 விண்வெளி வீரர்கள் நிலவில் பயன்படுத்திய ஹாசல்பிளாட் கேமரா 70 மி.மீ. பிலிமில் படமெடுத்தது. நம் நாட்டின் தயானிதா சிங் சதுர வடிவ ஹாசல்பிளாட் கேமராவால் புகழ்பெற்ற படங்களை எடுத்தவர். 2022ஆம் ஆண்டின் ஹாசல்பிளாட் விருது அவருக்கே வழங்கப்பட்டது. இத்தகைய வரலாறு அப்பெயருக்கு ஒரு மதிப்பைச் சேர்த்துள்ளது. ஆனால் இன்று ஃபியூஜிஃபிலிம், ஹாசல்பிளாட் ஆகிய நிறுவனங்கள் விற்கும் பெரும்பாலான டிஜிட்டல் மீடியம் ஃபார்மட் கேமராக்களின் சென்சார் 43.8 மி.மீ.க்கு 32.9 மி.மீ. அளவே உடையது. பரப்பளவில் இது பழைய சதுரப் பிலிமில் பாதிக்கும் குறைவு. பெயர் ஒன்றாயினும் பொருள் சுருங்கிவிட்டது என்பதை வாங்குவோர் நினைவில் கொள்ளுதல் நலம்.

தொழில்முறையில் பரவலாகப் பயன்படும் ஃபுல் ஃப்ரேம் கேமராவின் சென்சார் 36 மி.மீ.க்கு 24 மி.மீ. அளவுடையது. அதனுடன் ஒப்பிட்டால் மேற்சொன்ன சென்சாரின் பரப்பு 1.67 மடங்கு. இன்னும் பெரிய சென்சாரும் உண்டு. ஃபேஸ் ஒன் நிறுவனம் 2018இல் அறிமுகம் செய்த 150 மெகாபிக்சல் கேமராவின் சென்சார் 53.4 மி.மீ.க்கு 40 மி.மீ.; பரப்பில் ஃபுல் ஃப்ரேமைவிட ஏறத்தாழ இரண்டரை மடங்கு. அறிமுகத்தின்போது அத்தொகுப்பின் விலை 50,000 டாலரைத் தாண்டியிருந்தது. அதை இக்கட்டுரையில் நாம் கருதவில்லை. அந்த விலையில் கேமரா வாங்குவோர்க்கு நம் அறிவுரை தேவைப்படாது.

கூடுதல் விலைக்கு என்ன கிடைக்கிறது?

102 மெகாபிக்சல் மீடியம் ஃபார்மட் கேமரா ஒரு படத்தில் 11,648க்கு 8,736 புள்ளிகளைப் பதிவு செய்கிறது. உயர்தர அச்சுக்கு ஓர் அங்குலத்துக்கு 300 புள்ளிகள் என்று கொண்டால், சுமார் 39 அங்குல நீளமும் 29 அங்குல அகலமும் உள்ள படத்தை எவ்விதச் செயற்கைப் பெருக்கமும் இன்றி அச்சிடலாம். 60 மெகாபிக்சல் ஃபுல் ஃப்ரேம் கேமராவின் 9,504க்கு 6,336 புள்ளிகள் சுமார் 32 அங்குலத்துக்கு 21 அங்குலம் தருகின்றன. எண்ணிக்கையில் 102க்கும் 60க்கும் உள்ள இடைவெளி பெரிதாகத் தோன்றினாலும், நீளவாக்கில் வேறுபாடு 23 விழுக்காடு மட்டுமே. அகலவாக்கில் 38 விழுக்காடு. விற்பனைத் தாள்களில் இவ்வேறுபாடு மெகாபிக்சலாகவே சொல்லப்படும், அங்குலமாகச் சொல்லப்படுவதில்லை.

இங்கு நுட்பமான செய்தி ஒன்று உண்டு. இவ்விரு வகைக் கேமராக்களிலும் ஒவ்வொரு புள்ளியின் அளவும் ஒன்றே, 3.76 மைக்ரான். ஆகவே தனியொரு புள்ளி சேகரிக்கும் ஒளியில் மாயம் எதுவும் இல்லை. அத்தகைய புள்ளிகள் எண்ணிக்கையில் கூடுதலாக உள்ளன என்பதே உண்மை. பெரிய சென்சாரால் ஒளிச் சேகரிப்பில் கிடைக்கும் ஆதாயம் ஒரு ஸ்டாப்புக்கும் குறைவு. ஃபுல் ஃப்ரேமில் எஃப் 1.2 திறப்புள்ள லென்ஸ்கள் கிடைப்பதால் அந்த ஆதாயமும் பல வேளைகளில் கரைந்துவிடுகிறது. பின்புலத்தை மங்கலாக்கும் அழகுக்காகவே மீடியம் ஃபார்மட் வேண்டும் என்போர் இதை எண்ணிப் பார்க்கவேண்டும். மீடியம் ஃபார்மட்டின் 110 மி.மீ. எஃப் 2 லென்ஸ், ஃபுல் ஃப்ரேமில் 87 மி.மீ. எஃப் 1.6 லென்ஸ் தரும் தோற்றத்தையே ஏறத்தாழத் தருகிறது. 85 மி.மீ. எஃப் 1.2 லென்ஸ் பின்புலத்தை அதனினும் மங்கலாக்கும்.

அப்படியானால் இக்கேமராவுக்கு உரிய இடமே இல்லையா? உண்டு. ஓவியங்களையும் சுவடிகளையும் ஆவணப்படுத்துவோர், நகை, பட்டுத்துணி ஆகியவற்றுக்குப் பெரிய அளவில் விளம்பரப் படம் எடுப்போர், கலைக்கூடங்களில் அச்சுப் படங்களை விற்போர் ஆகியோரின் பணியில் இதன் நுண்விவரம் உண்மையாகவே பயன்படுகிறது. அசையாப் பொருளை ஃபியூஜிஃபிலிமின் 102 மெகாபிக்சல் கேமராவில் சென்சாரைச் சிறிது சிறிதாக நகர்த்திப் பலமுறை படமெடுத்து, அவற்றை இணைத்து 400 மெகாபிக்சல் படமாக்கலாம். ஹாசல்பிளாட்டின் எக்ஸ் வரிசை லென்ஸ்களுக்குள்ளேயே ஷட்டர் அமைந்திருப்பதால், பட்டப்பகல் வெயிலிலும் மிக விரைந்த ஷட்டர் வேகத்தில் ஃப்ளாஷ் ஒளியைப் பயன்படுத்த இயலும். உருவப்படக் கலைஞர்க்கு இது மெகாபிக்சலைவிடப் பெரிய காரணம் என்பது நம் கருத்து.

சாலையோரப் பெரிய விளம்பரப் பலகைக்கு மீடியம் ஃபார்மட் இன்றியமையாதது என்று சிலர் எண்ணுகின்றனர். இது தவறான கருத்து. 20 அடி அகலப் பலகைக்கு 24 மெகாபிக்சல் கேமராவின் 6,000 புள்ளிகளை விரித்தால் ஓர் அங்குலத்துக்கு 25 புள்ளிகள் வரும். 10 மீட்டர் தொலைவிலிருந்து நம் கண் பிரித்தறியக்கூடிய இடைவெளி சுமார் 3 மி.மீ., அதாவது ஓர் அங்குலத்துக்கு 9 புள்ளிகள் அளவே. சாலையில் செல்வோர் அதற்கும் அப்பாலிருந்தே பலகையைப் பார்க்கின்றனர். 4கே தொலைக்காட்சித் திரைக்கோ 8.3 மெகாபிக்சல் போதும். கைப்பேசித் திரையைப் பற்றிச் சொல்ல வேண்டுவதில்லை.

திருமணப் படப்பிடிப்பைத் தொழிலாகக் கொண்டோர் இதில் மிகுந்த எச்சரிக்கையுடன் இருத்தல் வேண்டும். 102 மெகாபிக்சல் கேமராவின் சுருக்கப்படாத ஒரு மூலக்கோப்பு 200 எம்.பி.க்கு மேல் இடம் பிடிக்கும். ஒரு திருமணத்தில் 2,000 படங்கள் எடுத்தால் 400 ஜி.பி.; பாதுகாப்புக்காக இரண்டாம் பிரதி வைத்தால் 800 ஜி.பி. சுருக்கிய வடிவில் இது குறையுமெனினும், பழைய கணினி அக்கோப்புகளைத் திறக்கத் திணறும். தாலி கட்டும் கணத்தில் நெரிசலுக்கிடையே விரைந்து குவியம் பிடிக்க வேண்டிய இடத்தில், பெரிய சென்சாரின் நிதானம் துணை செய்யாது. ஆல்பத்தின் பக்கம் 12 அங்குலமோ 18 அங்குலமோதான். இத்தொழிலுக்காக மீடியம் ஃபார்மட் வாங்கக் கடன் பெறுவதை நாம் பரிந்துரைக்கமாட்டோம்.

நான்கு ஆண்டுக் கணக்கு

கேமரா, இரண்டு லென்ஸ்கள் ஆகியவற்றின் விலை வரி உட்பட ரூ.7,50,000 எனக் கொள்வோம். இதில் ரூ.2,50,000 கைப்பணம், எஞ்சிய ரூ.5,00,000 ஆண்டுக்கு 12 விழுக்காடு வட்டியில் 36 மாதக் கடன். மாதத் தவணை ரூ.16,607. மூன்றாண்டில் செலுத்தும் வட்டி சுமார் ரூ.98,000. கைப்பணத்தை 7 விழுக்காடு வட்டி தரும் வைப்பில் இட்டிருந்தால் நான்காண்டில் சுமார் ரூ.78,000 கிடைத்திருக்கும், அந்த இழப்பையும் செலவாகவே கருதவேண்டும். காப்பீட்டுக்கு ஆண்டுக்கு ரூ.12,000 வீதம் ரூ.48,000. நான்காண்டு கழித்து விற்றால் ரூ.3,00,000 கிடைக்கும் என்று கொண்டால், மதிப்பிழப்பு ரூ.4,50,000. ஆக மொத்தச் செலவு ரூ.6,74,000, ஆண்டுக்கு ரூ.1,68,500.

மறுவிற்பனை மதிப்பில் தாராளம் காட்டுதல் கூடாது என்பதற்கு ஒரு சான்று கூறுவோம். ஃபியூஜிஃபிலிம் 102 மெகாபிக்சல் ஜி.எஃப்.எக்ஸ். 100 கேமராவை 2019இல் 10,000 டாலர் விலைக்கு வெளியிட்டது. அதே எண்ணிக்கைப் புள்ளிகளுடன் 100எஸ் 2021இல் 5,999 டாலருக்கு வந்தது. 100எஸ் இரண்டாம் பதிப்பு 2024இல் 4,999 டாலருக்கு வந்தது. ஐந்தாண்டுக்குள் புதிய கேமராவே பாதி விலைக்குக் கிடைத்தபோது, முதலில் வாங்கியவரின் பழைய கேமராவை யார் நல்ல விலைக்குக் கேட்பர்? லென்ஸ்கள் இவ்வளவு விரைவாக மதிப்பிழப்பதில்லை. எனவே பணத்தைப் பகிரும்போது லென்ஸுக்குக் கூடுதலாகவும் கேமராவின் உடலுக்குக் குறைவாகவும் ஒதுக்குவது அறிவுடைமை.

இனி வாடகையுடன் ஒப்பிடுவோம். மும்பை, டெல்லி, சென்னை முதலிய நகரங்களில் இத்தகைய கேமராக்கள் நாள் வாடகைக்குக் கிடைக்கின்றன. ஒரு நாளுக்கு ரூ.8,000 என்று கொண்டால், ஆண்டுச் செலவான ரூ.1,68,500க்கு 21 நாள் வாடகைக்கு எடுக்கலாம். ஆண்டில் 21 நாளுக்கு மேல் மீடியம் ஃபார்மட் தேவைப்படும் பணி உறுதியாக இருந்தால் வாங்குவது மேல். அதற்குக் குறைந்தால் வாடகையே மேல். சேமிப்பு வட்டுகளின் செலவை வாடகைக்கு எடுப்பவரும் ஏற்க வேண்டியிருப்பதால் இவ்வொப்பீட்டில் அதைச் சேர்க்கவில்லை. தேவைப்படும் நாள் என்பதற்கு வேலை கொடுப்பவர் அக்கேமராவைக் கேட்கும் நாள் அல்லது அதற்காகக் கூடுதல் கட்டணம் தரும் நாள் என்றே பொருள் கொள்ளவேண்டும். நாமாக விரும்பி எடுத்துச் செல்லும் நாள்களை இதில் சேர்த்தால் கணக்கு பொய்த்துவிடும். கடந்த ஓராண்டின் பில் புத்தகத்தைப் புரட்டி, அத்தகைய நாள்கள் எத்தனை இருந்தன என்று எண்ணிப் பார்ப்பதே நம்பத்தக்க வழி.

வரிக் கணக்கும் விடையை மாற்றக்கூடும். டிஜிட்டல் கேமராக்களுக்கான ஜி.எஸ்.டி. 28 விழுக்காட்டிலிருந்து 2019 ஜனவரியில் 18 விழுக்காடாகக் குறைக்கப்பட்டது. மேற்சொன்ன ரூ.7,50,000இல் வரி சுமார் ரூ.1,14,000. ஜி.எஸ்.டி. பதிவு பெற்றவர் தம் தொழிலுக்கென வாங்கினால் இதை உள்ளீட்டு வரி வரவாகப் பெறலாம். பில்லில் தம் பதிவு எண் இடம்பெற்றிருக்க வேண்டும். காம்போசிஷன் திட்டத்தில் உள்ளோர்க்கு இச்சலுகை இல்லை. வருமான வரியில், முறையான கணக்கு வைத்திருப்போர் ஆண்டுக்கு 15 விழுக்காடு தேய்மானம் கழிக்கலாம். வாங்கிய ஆண்டில் 180 நாளுக்குக் குறைவாகப் பயன்படுத்தியிருந்தால் பாதியே கிட்டும்; ஆகவே நிதியாண்டின் பிற்பாதியில் வாங்குவோர் இதைக் கருதவேண்டும். உள்ளீட்டு வரவாகப் பெற்ற வரித் தொகைக்கு மீண்டும் தேய்மானம் கோர இயலாது.

பொழுதுபோக்குக்காக வாங்க விரும்புவோர்க்கு இக்கணக்குகள் பொருந்தா. உபரிப் பணம் உள்ளவர் தம் மகிழ்ச்சிக்காகச் செலவிடுவதில் குறை காண நமக்கு உரிமையில்லை. தனிநபர் கடன் பெற்றோ நகையை அடகு வைத்தோ அதைச் செய்தல் வேண்டாம். வருமானம் தராத பொருளுக்கான தவணையைக் குடும்பத்தின் அன்றாடச் செலவே சுமக்க நேரும்.

தொழிலுக்காகக் கடன் பெற முடிவு செய்தவர்கள் பிரதம மந்திரி முத்ரா திட்டத்தைக் கருதலாம். அதில் கிஷோர் பிரிவு ரூ.50,000க்கு மேல் ரூ.5 லட்சம் வரையிலும், தருண் பிரிவு ரூ.10 லட்சம் வரையிலும் பிணை இல்லாத கடன் வழங்குகின்றன. விற்பனையாளரின் விலைப்புள்ளி, முந்தைய ஆண்டுகளின் வருமான வரிக் கணக்கு, வங்கிக் கணக்கு அறிக்கை ஆகியவற்றுடன், கூடுதல் கட்டணம் தர முன்வந்துள்ள நிறுவனத்தின் பணி ஆணை இருப்பின் அதையும் கிளைக்குக் கொண்டுவருதல் நன்று. இந்திய உத்தரவாதம் இல்லாமல் மலிவாக விற்கப்படும் இறக்குமதிக் கேமராக்களைத் தவிர்க்கவும்; முறையான பில் இல்லாத பொருளுக்கு உள்ளீட்டு வரி வரவும் கிட்டாது, காப்பீட்டு இழப்பீடு கோருவதும் கடினம். காப்பீடு எடுக்கும்போது, ஸ்டுடியோவுக்கு வெளியே எடுத்துச் செல்லும் வேளையில் நேரும் திருட்டும் சேதமும் அதில் அடங்குமா என்பதைப் பாலிசியில் படித்து உறுதி செய்துகொள்ளவும்.