மேய்ச்சல் நிலத்தில் மாடுகளைப் படம் பிடித்தல்

மாடு வாங்கக் கடன் பெறும் அங்கத்தினர் அதனைக் காப்பீடு செய்யும்பொழுது, காதில் 12 இலக்க எண் பொறித்த வில்லை பூட்டி, மாட்டுடன் நின்று படம் எடுத்துக் கொடுக்கின்றனர். வில்லை இல்லையேல் இழப்பீடு இல்லை என்பது காப்பீட்டு விதி. ஆனால் பண்ணைப்புரத்து மலையடிவாரத்தில் மேயும் மாடு முட்புதரில் உரசி வில்லையை இழப்பது புதிதன்று. உடனே தெரிவித்துப் புதிய வில்லை பூட்டும்பொழுது, இது முன்னிருந்த மாடுதான் என்று காட்டுவதற்குப் படமே துணை. ஆதலின் அதனை நன்றாக எடுக்க அறிதல் வேண்டும்.

முதலில் வெளிச்சம். நம் ஊருக்கு மேற்கே மலை நிற்பதால் மாலை வெயில் சீக்கிரமே மறைந்துவிடும். காலை வெயிலோ மலைச்சரிவின் மேல் நேராக விழும். சூரியனை முதுகுப்புறம் வைத்து, மாட்டின் விலாவில் வெயில் படும்படி நிற்க வேண்டும். உச்சிவெயிலில் திமிலின் நிழலும் வயிற்றின் நிழலும் சேர்ந்து காரியையும் மயிலையையும் ஒன்றாக்கிவிடும்.

அடுத்தது அணுகும் முறை. மாட்டின் கண்கள் பக்கவாட்டில் அமைந்தவை. நேர் பின்புறம் அதற்குத் தெரியாது. அங்கிருந்து வருபவரை உதைக்கும், அல்லது ஓடும். தோளுக்குப் பின்னால் நின்று நெருங்கினால் முன்னேறும். தோளுக்கு முன்னால் வந்தால் பின்வாங்கும். ஆகவே தோளுக்கு நேரே, சற்றுத் தூரத்தில், அது அஞ்சாத எல்லையில் நிற்க வேண்டும். கோம்பை நாயை அழைத்துச் செல்லாதிருப்பது நலம். அது மந்தையைக் கலைப்பதில் நம்மினும் வல்லது!

மேயும் மாடு தலையைத் தூக்காது. மேய்ப்பவர் வழக்கமாகக் கொடுக்கும் குரலைக் கொடுக்கச் சொன்னால் ஒரு நொடி நிமிர்ந்து பார்க்கும்; அந்நொடியே படத்திற்குரியது. முகத்தைத் தனியே எடுக்க, நடுப்பகலில் நிழலில் படுத்து அசைபோடும் நேரமே ஏற்றது.

கைப்பேசியை நின்ற உயரத்திலிருந்து சாய்த்துப் பிடித்தால் கால்கள் குட்டையாகத் தோன்றும். குந்தி, மாட்டின் நடுவயிற்று உயரத்தில் பிடித்தல் வேண்டும். கொம்பு முதல் வால் குஞ்சம் வரை, குளம்பு தெரிய, இருபக்கமும் ஒவ்வொரு படம் எடுக்க வேண்டும். புல் உயர்ந்த இடத்தில் குளம்பு மறையும்; கரம்பு நிலமே ஏற்றது.

சுழி பார்த்து மாடு வாங்குவது நம்மவர் வழக்கம். அதில் பலன் உண்டோ இல்லையோ, அடையாளமாக அது மிகப் பயன்படும். நெற்றியிலும் முதுகிலும் உள்ள சுழிகளை அருகிருந்து எடுத்தல் வேண்டும். மூக்கின் ஈரத்தோலில் உள்ள வரிகளும் மாட்டுக்கு மாடு வேறுபடும் என்பதைப் பீட்டர்சன் என்னும் அமெரிக்கர் 1922இலேயே எழுதினார். மூக்கைத் துணியால் ஒற்றிய பின் எடுத்தால் வரிகள் தெளிவாக விழும்.

எந்த இடத்தில் எடுக்கிறோம் என்பதும் முக்கியம். 2022ஆம் ஆண்டில் சென்னை உயர் நீதிமன்றம் புலிகள் காப்பகம், சரணாலயம், தேசியப் பூங்கா ஆகியவற்றுக்குள் கால்நடை மேய்ச்சலைத் தடைசெய்தது. மேகமலைக் காடு 2021இல் அறிவிக்கப்பட்ட புலிகள் காப்பகத்தைச் சேர்ந்தது.

எடுத்த படத்தின் பிரதியில் தேதியும் வில்லை எண்ணும் எழுதி ஒன்றைச் சங்கத்தில் கொடுத்துவைக்கலாம். கன்றுகளுக்கு ஆறு மாதங்களுக்கு ஒருமுறை புதிய படம் தேவை. கொம்பு முளைத்தபின் பழைய படம் உதவாது.