மாற்றாமல் விட்டது எது?

இன்ஜினில் பேரிங் ஒருமுறை போனால் காரணம் பேரிங்கிலோ ஆயிலிலோ இருக்கலாம். கிராங்கைக் கிரைண்ட் செய்து, புது பேரிங் போட்டு, புது ஆயில் பம்ப்பும் வைத்த பிறகு மறுபடியும் மறுபடியும் போகிறதென்றால், ஒவ்வொரு தடவையும் மாற்றாமல் விட்டது எது என்றுதான் தேட வேண்டும். என் பழைய ஜி.எம்.சி. மோட்டார்ஹோம் எனக்குக் கற்றுக்கொடுத்தது இதைத்தான்.

ஜெனரல் மோட்டார்ஸ் இந்த வண்டிகளை 1973 முதல் 1978 வரை மிச்சிகன் மாநிலத்தின் பான்டியாக்கில் கட்டியது. பெரும்பாலான ஆண்டுகளில் ஓல்ட்ஸ்மொபில் டொரொனாடோ காரின் 455 கன அங்குல வி-8 இன்ஜினை, அதாவது 7.5 லிட்டர் இன்ஜினை, கியர்பாக்ஸோடு எடுத்து முன்சக்கரங்களை இழுக்க வைத்தார்கள். பின்னால் ஓடும் ஷாஃப்ட் இல்லாததால் வண்டியின் தரையைத் தாழ்வாக அமைக்க முடிந்தது. என்னுடையது 1975 மாடல். இவ்வளவு அழகான மோட்டார்ஹோமை அதற்குப் பிறகு யாரும் செய்யவில்லை என்பது என் எண்ணம். ஆனால் காருக்காகச் செய்த இன்ஜின் இங்கே 5 டன் அளவுக்கு இழுக்கிறது. நீண்ட மேடுகளில் ஆயில் சூடேறி நீர்த்துப்போகும். பேரிங்கைக் காக்கும் ஆயில் படலமும் மெலியும். சுத்தமான ஆயிலாக இருந்தால் தாங்கிவிடும். அதில் துகள் கலந்திருந்தால் தாங்காது.

முந்தைய உரிமையாளர் பில்களையெல்லாம் பத்திரமாக வைத்திருந்தார். வெவ்வேறு பட்டறைகள், ஒரே வேலை: கிராங்க் கிரைண்டிங், பேரிங் செட், ஆயில் பம்ப், கேஸ்கெட். பில்களையெல்லாம் அடுத்தடுத்து வைத்துப் பார்த்தபோது எதிலுமே வராத பொருள் ஒன்று கண்ணில் பட்டது. ஆயில் கூலர்.

ஆனாலும் பில்லை மட்டும் நம்பி முடிவுக்கு வரக்கூடாது. பழைய பேரிங் ஷெல்களை, அதாவது பேரிங்கின் மேல், கீழ்ப் பாதிகளை, கேட்க வேண்டும். கழற்றும்போதே ஒவ்வொன்றின் முதுகிலும் எந்த ஜர்னல், மேலா கீழா என்று மார்க்கரால் எழுதி, வரிசை மாறாமல் மேசையில் பரப்புங்கள். ஒரு டப்பாவில் மொத்தமாகப் போட்டுவிட்டால் பாதித் தகவல் போய்விடும். கனெக்டிங் ராடுகளின் மேல் ஷெல்கள் மட்டும் அடி வாங்கியிருந்தால் நாக்கிங் இருந்திருக்கிறது, டைமிங்கைப் பாருங்கள். ஒரு ராடின் மேல் ஷெல் ஒரு ஓரத்திலும் கீழ் ஷெல் எதிர் ஓரத்திலும் தேய்ந்திருந்தால் அந்த ராட் வளைந்திருக்கிறது. நடு மெயின் பேரிங்கில் தேய்மானம் அதிகமாகி இரு பக்கமும் குறைந்துகொண்டே போனால் பிளாக்கின் நேர்கோடு கெட்டிருக்கலாம். வழவழவென்று இழுபட்டு, நீலமும் கறுப்புமாக வெந்திருந்தால் ஆயில் வரவில்லை.

என் ஷெல்களில் இவை எதுவும் இல்லை. சாம்பல் நிற மேல்பூச்சில் சுற்றுவாக்கில் மெல்லிய கீறல்கள். சில இடங்களில் பூச்சு போய்ச் செம்பு தெரிந்தது. பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தால் ஆங்காங்கே கடுகைவிடச் சிறிய மணிகள் உலோகத்தில் புதைந்திருந்தன. ஒவ்வொன்றையும் சுற்றிப் பளபளப்பாக ஒரு வளையம். மெயின், ராட் என்ற வித்தியாசம் இல்லாமல் எல்லாவற்றிலும் அதே அடையாளம். எல்லாப் பேரிங்குக்கும் பொதுவான வழியில்தான் அழுக்கு வந்திருக்கிறது. அந்த வழி ஆயில்தான்.

இந்த வண்டியில் இன்ஜின் ஆயில் கூலர் ரேடியேட்டரின் பக்கத் தொட்டிக்குள் இருக்கிறது. இன்ஜினை இறக்கிப் பட்டறைக்கு அனுப்பும்போது ரேடியேட்டர் வண்டியிலேயே தங்கிவிடும். அதனால்தான் யார் கண்ணிலும் படவில்லை. தொட்டியைப் பிரித்து, கூலரை வெளியே எடுத்து, ரம்பத்தால் நீளவாக்கில் அறுத்தேன். உள்ளே இருந்த மடிப்புத் தகடுகளுக்கு நடுவே சாம்பல் நிறச் சேறு. விரலில் தேய்த்தால் மினுமினுத்தது. முதல் முறை செத்த பேரிங்கின் பொடி அங்கே தங்கி, அடுத்தடுத்த பேரிங்குகளையும் தின்றிருக்கிறது.

ஃபில்டர் பிடித்துவிடாதா என்று கேட்பார்கள். குளிரில் ஆயில் கெட்டியாக இருக்கும்போது பைபாஸ் வால்வு திறந்துகொள்ளும்; வடிகட்டாத ஆயில் நேராகப் பேரிங்குக்குப் போகும். கூலரைக் கழுவிப் பயன்படுத்தலாம் என்ற யோசனையும் வேண்டாம். அந்த மடிப்புகளுக்குள் எந்தப் பிரஷ்ஷும் போகாது. பேரிங் உடைந்த இன்ஜினின் கூலரையும் ஆயில் குழாய்களையும் தூக்கிப் போட்டுவிடுங்கள். பிளாக்கில் ஆயில் வழிகளின் பிளக்குகளைக் கழற்றி நீளமான பிரஷ் விட்டுத் தேயுங்கள். கிராங்குக்குள் ஓடும் துளைகளையும் விடாதீர்கள். அங்கேயும் பொடி ஒளிந்திருக்கும்.

பூட்டிய பிறகு உடனே ஸ்டார்ட் செய்யக் கூடாது. டிஸ்ட்ரிபியூட்டரை எடுத்துவிட்டு, ஆயில் பம்ப் தண்டை டிரில்லால் சுற்றி, ராக்கர்களில் ஆயில் எட்டிப் பார்க்கும் வரை பிரஷர் ஏற்றுங்கள். டேஷ்போர்டில் எரியும் சிவப்பு விளக்கை நம்பாமல் மெக்கானிக்கல் கேஜ் ஒன்று வையுங்கள். சூடான இன்ஜினில் 1,000 ஆர்.பி.எம்.முக்குச் சுமார் 10 பி.எஸ்.ஐ. என்பது பழைய மெக்கானிக்குகளின் கணக்கு.

முதல் ஆயில் மாற்றும்போது ஃபில்டரை வெட்டி, காகிதத்தைப் பிழிந்து வெயிலில் விரித்துப் பாருங்கள். காந்தத்தில் ஒட்டினால் இரும்பு; ஒட்டாமல் மினுமினுத்தால் பெரும்பாலும் பேரிங். ஒன்றிரண்டு துகள் என்றால் கவலையில்லை. காகித மடிப்பு முழுக்கப் பளபளத்தால் வண்டியை அங்கேயே நிறுத்திச் சம்ப்பைக் கழற்றுங்கள். அந்த நிலையில் பிடித்துவிட்டால், பெரும்பாலும் கிராங்கைப் பாலிஷ் போட்டே காப்பாற்றிவிடலாம்.