அடுக்கு இல்லாத உலோகத்தில் எது நழுவும்?

மாணவர்களே, மெல்லிய செம்புக் கம்பி ஒன்றை வளைத்துப் பாருங்கள். சட்டென்று ஒடியாது, வளைந்து கொடுக்கும். செம்பின் அணுக்கள் அடுக்கடுக்காக இருப்பதால் ஓர் அடுக்கு இன்னொன்றின் மேல் நழுவுகிறது. இது நீங்கள் பள்ளியில் படித்ததுதான்.

1960-இல் அமெரிக்காவின் கால்டெக் கழகத்தில் போல் டுவெஸ் குழுவினர், உருகிய தங்கம்-சிலிக்கன் கலவையை வினாடிக்கு ஏறத்தாழ ஒரு மில்லியன் டிகிரி வேகத்தில் குளிர வைத்தனர். அணுக்களுக்கு வரிசையில் நிற்க நேரமே இல்லை. திரவத்தில் இருந்த அதே தாறுமாறான நிலையில் உறைந்துவிட்டன. இதுவே உலோகக் கண்ணாடி. பெயரைப் பார்த்து ஏமாற வேண்டாம், இதன் வழியே எதுவும் தெரியாது!

இப்படிப்பட்ட உலோகத்தை 2 விழுக்காடு வரை இழுத்தாலும் பழைய நிலைக்குத் திரும்பும். பல சாதாரண உலோகங்களால் அதில் பாதிகூட முடியாது. ஆனால் எல்லை மீறினால், முன்னறிவிப்பு இல்லாமல் உடையும். ஏன்?

அணுக்களைக் கண்ணால் பார்க்க முடியாது. ஆகவே 1979-இல் அலி ஆர்கன், குவோ என்ற இருவர் சோப்புக் குமிழிகளை அணுக்களாக வைத்துக்கொண்டனர். ஒரே அளவுக் குமிழிகள் தேனடைபோல ஒழுங்காக அமையும். அளவுகளைக் கலந்தால் ஒழுங்கு குலையும். அந்தக் குமிழிப் படலத்தைப் பக்கவாட்டில் தள்ளியபோது, அடுக்கு எதுவும் நழுவவில்லை. ஆங்காங்கே சில குமிழிகள் கொண்ட சிறு கூட்டம் மட்டும் இடம் மாறி அமர்ந்தது.

கணினி மாதிரிகளும் இதையே காட்டுகின்றன. இடம் மாறிய கூட்டம் சற்றுத் தளர்ந்துவிடுவதால், பக்கத்துக் கூட்டமும் எளிதில் அசைகிறது. தளர்ச்சி ஒரே கோட்டில் பரவி, சுமார் 10 முதல் 20 நானோமீட்டர் தடிப்புள்ள சறுக்குப் பட்டையாகிறது. மற்ற பகுதி அசையாதிருக்க, அந்த ஒரு பட்டையே முழுச் சுமையையும் தாங்கி முறிகிறது.

கணினிக்கும் ஒரு சிக்கல் உண்டு. அணுக்களின் அசைவை ஒரு மில்லியன் படிகள் கணக்கிட்டாலும், கடந்த நேரம் ஏறக்குறைய ஒரு நானோவினாடிதான். ஆய்வகத்தில் ஒரு நிமிடம் எடுக்கும் இழுப்பைக் கணினியில் கண்மூடித்தனமான வேகத்தில் செய்தாக வேண்டும். அந்த வேகத்தில் உலோகம் அதே மாதிரிதான் நடந்துகொள்ளுமா என்பதே ஆய்வாளர்களின் தலைவலி. குமிழியை நாம் விரும்பும் அளவுக்கு மெதுவாகத் தள்ளலாமே!

நீங்களும் செய்யலாம். மீன் தொட்டிக் காற்றுப் பம்பில் இரண்டு அளவு மெல்லிய முனைகளை மாற்றி மாற்றிப் பொருத்தி, தட்டிலுள்ள சோப்பு நீரில் குமிழிகளை நிரப்புங்கள். இருபுறமும் அடிக்கோல் வைத்து, ஒன்றை மட்டும் மெல்ல நகர்த்துங்கள். முதலில் அசைவது எந்தக் கூட்டம்? கைப்பேசியில் பதிவுசெய்து, நிறுத்தி நிறுத்திப் பாருங்கள்.